பழக்கம் மட்டுமே உள்ள ஒருவர் வீட்டில் துக்கம் விசாரிப்பது எப்படி?

குளக்கரை நடையாளர், கும்பகோணம் (செவ்வாய், இரவு 9.20)

அனைவருக்கும் வணக்கம். வங்கி வேலையில் மாற்றலாகிக் கும்பகோணத்துக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சொந்த ஊர் ஈரோட்டுப் பக்கம். இங்கே உறவு என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாததால், இந்தப் பகுதியின் துக்க வழக்கங்களை எடுத்துச் சொல்ல எனக்குப் பெரியவர்கள் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

தினமும் காலை ஐந்தரை மணிக்கு மகாமகக் குளத்தைச் சுற்றி நடப்பேன். அங்கே எனக்குப் பழக்கமானவர் ஒரு பெரியவர். பாத்திரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மூன்று ஆண்டுகளாகப் பெரும்பாலான நாட்களில் சேர்ந்தே நடந்திருக்கிறோம் என்றாலும், மேட்டூரில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது, அரசலாற்றில் எப்போது வரும், முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்பதைத் தாண்டி எங்கள் பேச்சு போனதில்லை. அவர் வீட்டுக்கு நான் போனதில்லை. அவரும் என் வீட்டுக்கு வந்ததில்லை. ஒரு வாரத்துக்கு மேலாக அவரைக் காணவில்லை. இன்று காலை டீக்கடைக்காரர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அவருடைய ஒரே மகன், இருபத்து நான்கு வயதுப் பையன், தஞ்சாவூர் சாலையில் நடந்த விபத்தில் இறந்துவிட்டான். எடுத்து எட்டு நாள் ஆகிவிட்டதாம்.

எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. சொல்லி அனுப்பும் அளவுக்கு நான் நெருக்கமானவனும் இல்லை. இப்போது போனால் அந்நியன் ஒருவன் நுழைந்ததுபோல் இருக்குமோ என்று தயங்குகிறேன். போகாமல் இருந்துவிட்டு, பிறகு ஒரு நாள் குளக்கரையில் அவரைப் பார்த்தால் எந்த முகத்தோடு பார்ப்பேன் என்றும் தெரியவில்லை. போனால் என்ன பேசுவது, எவ்வளவு நேரம் இருப்பது, என்ன சொல்லி எழுந்து வருவது?

இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பையனை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். போன கார்த்திகையில் நடந்துகொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அப்பாவை அழைத்துப்போக வண்டியில் வந்த அந்தப் பையன், தான் மழைச்சட்டை போட்டிருப்பதாகச் சொல்லி, கையில் வைத்திருந்த குடையை என்னிடம் நீட்டினான். பெரியவர் அப்போது டீக்கடைக் கூரைக்குள் நின்றிருந்தார். அவர் இதைக் கவனித்தாரா என்று தெரியாது. அந்தக் குடையை நான் இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. என் வீட்டு வாசல் ஆணியில் தொங்குகிறது. இப்போது அதை எடுத்துக்கொண்டு போவது முறையா?

மன்னார்குடி ஆசிரியர் (செவ்வாய், இரவு 10.45)

தம்பி, தயங்காமல் போங்கள். நல்லதுக்குக் கூப்பிட்டால் போக வேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல். துக்க வீட்டுக்கு அழைப்பு என்று ஒன்று கிடையாது. சொல்லி அனுப்புவது நெருங்கிய சொந்தத்துக்கும் பங்காளிகளுக்கும்தான். மற்றவர்கள் காதில் விழுந்தவுடன் தாமாகப் போவதுதான் வழக்கம். எடுப்பதற்கு முன்னால் போக முடியவில்லை என்றால் கருமாதிக்கு முன்னால் ஒரு நாள் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வரலாம். கருமாதிப் பத்திரிகை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மணமாகாத பிள்ளை என்றால் சில வீடுகளில் காரியத்தைச் சுருக்கி, பதினாறு நாள் வரை நீட்டாமல் முன்பே முடித்துவிடுவதும் உண்டு. பத்திரிகையே அடிக்காமல் விடுவதும் உண்டு.

செவ்வாய், வெள்ளி, சனி ஆகிய நாட்களில் துக்கம் கேட்கப் போவதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். உங்களுக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கேள்வி அல்ல. அந்த வீட்டிலுள்ள மூத்த பெண்களுக்கு அது மனத்தில் உறுத்தலாக இருக்கக்கூடும் என்பதால் புதனோ வியாழனோ போய்விடுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் விளக்கு வைப்பதற்கு முன் என்றால் நல்லது. போகும்போது பழமோ பூவோ இனிப்போ எதுவும் வாங்கிச் செல்லக் கூடாது. அவர்கள் ‘வாங்க’ என்று சொல்ல மாட்டார்கள். அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், துக்க வீட்டில் வரவேற்பு இல்லை. அதேபோல எழுந்திருக்கும்போது ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லவே கூடாது. கையைப் பிடித்துவிட்டோ, தலையை மட்டும் அசைத்துவிட்டோ, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிட வேண்டும். அந்த வீட்டிலிருந்து வேறொருவர் வீட்டுக்குப் போகாமல் நேராக உங்கள் வீட்டுக்கு வந்து குளித்துவிடுங்கள்.

என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ‘விதி முடிந்துவிட்டது, நம் கையில் என்ன இருக்கிறது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்’ என்று சொன்னால் போதும். குடையை மட்டும் இப்போது கொண்டுபோக வேண்டாம். இறந்தவர் பொருளைப் பார்த்தால் தாய் மனம் தாங்காது. காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் போகட்டும்.

கமலாலயத்துக்காரி, திருவாரூர் (புதன், காலை 5.50)

மன்னார்குடி ஐயா சொன்ன வழக்கங்களில் ஒரு குறையும் இல்லை. நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். ஆனால் என்ன பேசுவது என்பதிலும் குடை விஷயத்திலும் எனக்கு வேறு கருத்து இருக்கிறது. அது துக்கம் கேட்கப் போய்ப் பெற்ற கருத்து அல்ல. என் வீட்டுக்கு மற்றவர்கள் வந்தபோது சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்ததில் கிடைத்தது.

என் கணவர் மாரடைப்பில் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. காலையில் காய்கறி வாங்கப் போனவர் திரும்பி வரவில்லை. அந்தப் பதினாறு நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் நல்ல மனத்தோடுதான் வந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வந்தவர்களில் பெரும்பாலோர் கேட்ட முதல் கேள்வி, ‘எப்படி நடந்தது?’ என்பதுதான். ஒவ்வொருவருக்கும் நான் அதை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை மணிக்குப் புறப்பட்டார், யார் போன் செய்தார்கள், ஆட்டோ எங்கே கிடைத்தது என்று திரும்பத் திரும்பச் சொல்லி, நான்காவது நாளில் அது எனக்கே யாரோ ஒருவருடைய கதைபோல் ஆகிவிட்டது. அது இன்னும் பயமாக இருந்தது. அதற்கு அடுத்த கேள்வி, ‘கொஞ்சம் சீக்கிரம் கொண்டுபோயிருக்கக் கூடாதா?’ கேட்டவர் அடுத்த நிமிடமே மறந்திருப்பார். நான் இன்றும் இரவில் விழித்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

‘படுக்கையில் கிடந்து இழுக்காமல் போய்விட்டார், நல்ல சாவு’ என்றார்கள். ‘பிள்ளைகளுக்காக நீ தைரியமாக இருக்க வேண்டும்’ என்றார்கள். தங்கள் வீட்டில் நடந்த சாவைச் சொல்லி அழுதார்கள். அவர்களை நான் தேற்றினேன். இவற்றில் எதுவும் கொடுமையான சொல் அல்ல. ஆனால் இவை எல்லாமே என் துக்கத்தைச் சீக்கிரம் மூடிவைக்கச் சொன்ன சொற்கள்.

உங்களைப் போன்ற ஒருவரும் வந்தார். கீழவீதிப் பக்கம் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவர் வந்தது நான்கு மாதம் கழித்து, வீட்டில் கூட்டம் வற்றி, சொந்தக்காரர்களின் போன்கூட நின்றுபோன காலத்தில். என் கணவர் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்தவர் சொன்னார்: ‘சார் எப்பவும் வாட்சைச் சரிபார்த்துட்டு உடனே வாங்க மாட்டாரும்மா. ரேடியோவுல நியூஸ் ஆரம்பிக்கிற வரைக்கும் நின்னு, மணியை ஒத்துப் பார்த்துட்டுத்தான் கையில கட்டுவாரு. அதுவரைக்கும் என்கிட்ட எம்.கே.டி. பாட்டு பாடிக்காட்டுவாரு.’ இருபத்தாறு ஆண்டுகள் அவரோடு வாழ்ந்திருக்கிறேன். அவர் வீட்டில் ஒரு நாளும் பாடியதில்லை. அவர் பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது.

உறவினர்கள் கொண்டுவந்ததெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரிந்த மனிதரைப் பற்றிய பேச்சு. அந்தக் கடைக்காரர் மட்டும்தான் எனக்குத் தெரியாத ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பழக்கக்காரர் ஒருவரால் கொடுக்க முடிந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அதை நெருங்கிய சொந்தத்தால் கொடுக்க முடியாது. ஆகவே நீங்கள் போய், எப்படி நடந்தது என்று கேட்காமல், உங்களுக்குத் தெரிந்த அந்த ஒரு மழைக் காலையைச் சொல்லுங்கள். குடையையும் கொடுத்துவிடுங்கள் என்பது என் எண்ணம். தாய் மனம் தாங்காது என்கிறார் ஐயா. தாங்காதுதான். பொருள் வராமல் இருந்தால் மட்டும் தாங்குகிறதா என்ன?

வெண்ணாற்றங்கரை விவசாயி (புதன், காலை 8.15)

திருவாரூர் அம்மா எழுதியதைப் படித்துவிட்டு வயலுக்குப் போனேன். பாதி வழியிலேயே நின்று இதை எழுதுகிறேன்.

எல்லோராலும் அந்தக் கடிகாரக்காரரைப் போலப் பேச முடியாது. எனக்குப் பேச வராது. எங்கள் ஊரில் ஆண்கள் துக்க வீட்டுப் பந்தலில் போய், வீட்டுக்காரர் கைகள் இரண்டையும் நம் கைகளுக்குள் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நிற்போம். பிறகு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவோம். அவ்வளவுதான். பெண்கள் உள்ளே போய்க் கட்டி அழுவார்கள். முன்பெல்லாம் ஒப்பாரி இருந்தது. அதில் இறந்தவருடைய நடை, உடை, அவர் வைத்த மரம், ஓட்டிய மாடு எல்லாமே பாட்டாக வந்துவிடும். அந்த அம்மா சொன்ன ‘தெரியாத துண்டு’ அதில் தானாகவே கிடைத்திருக்கும். இப்போது அது குறைந்துவிட்டதால்தான் இந்தக் கஷ்டம் என்று தோன்றுகிறது. பேச்சு வராவிட்டாலும் போங்கள், உட்காருங்கள். அதுவே போதும்.

ஆனால் எங்கே உட்காருகிறோம் என்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வயலில் இருபது வருடத்துக்கு மேல் நடவு நட்ட அம்மா ஒருவர் இறந்துபோனார். என் தகப்பனார் நல்ல மனிதர். செய்தி கேட்டுச் சாப்பிடவில்லை. ஆனாலும் அவர்கள் தெருமுனை வரைதான் போனார். அந்த அம்மாவின் மகனை அங்கே வரவழைத்து, கையில் பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். அப்பனைப் பறிகொடுத்தவனைத் தேடி எந்த வீட்டுக்குள்ளும் போகிறவர்கள், ஆத்தாளைப் பறிகொடுத்த அவனை மட்டும் தெருமுனைக்கு வரச் சொன்னோம். மறுநாள் நான் போய் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்: ‘நேத்து வந்திருக்கணும்.’ இந்த டெல்டாவில் துக்கம் கேட்கும் முறையைப் பற்றிப் பேசும்போது இந்தத் தெருமுனையைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் பேசியதாக ஆகும்.

நாகூர் வாசி (புதன், பகல் 1.30)

இந்த இழையைப் பின்னாளில் தேடிப் படிப்பவர்களுக்காக எங்கள் பக்கத்து முறையையும் குறித்துவைக்கிறேன். நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் அண்டை வீட்டு இந்து நண்பர்கள் மவுத்து (இறப்பு) வீட்டுக்கு வந்துவிட்டு, எப்படி நடந்துகொள்வது என்று வாசலில் தயங்கி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செய்தி கேட்டவுடன் நாங்கள், ‘நிச்சயமாக நாம் இறைவனுக்கே உரியவர்கள், அவனிடமே திரும்பிச் செல்பவர்கள்’ என்னும் பொருளுள்ள அரபு வாக்கியத்தைச் சொல்வோம். நீங்கள் அதைச் சொல்ல வேண்டும் என்பதில்லை. வந்து நின்றாலே போதும். அடக்கம் சீக்கிரமே, பெரும்பாலும் அன்றைக்கே நடந்துவிடும். பொதுவாகத் துக்கம் விசாரிப்பது முதல் மூன்று நாட்களுக்குள். வெளியூரில் இருந்தவர்களும் தாமதமாக அறிந்தவர்களும் அதற்குப் பிறகு வந்தாலும் யாரும் குறை சொல்வதில்லை. இறந்தவர் கணவர் என்றால், மனைவி நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில், அதாவது கணவரை இழந்த பெண் வீட்டோடு இருக்கும் காத்திருப்புக் காலத்தில், இருப்பார். வெளி ஆண்கள் அவரை நேரில் பார்த்து ஆறுதல் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தாமல், வீட்டு ஆண்களிடம் சொல்லிவிடலாம், அல்லது தங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பலாம். எனக்குத் தெரிந்த ஓர் அரிசிக் கடைக்காரர் இதை அறிந்து, தன் மனைவியிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் பெரியம்மா அதை இன்னும் நினைவு வைத்திருக்கிறார்.

அக்கரைப்பேட்டை தன்னார்வலர் (புதன், மாலை 6.05)

‘எப்படி நடந்தது?’ என்ற கேள்வியைப் பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது நான் கல்லூரி மாணவன். அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் தெருக்களில் துக்கம் கேட்கப் போக ஆளே இல்லை. ஒவ்வொரு வீடும் துக்க வீடு. ஆகவே துக்கம் கேட்கும் வேலை வெளியூரிலிருந்து வந்த எங்களைப் போன்ற சிறுவர்கள் தலையில் விழுந்தது. நாங்கள் கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, ‘உங்க வீட்டுல எத்தனை பேர்?’ என்று கேட்டோம். அது நிவாரணத்துக்குத் தேவையான கேள்விதான். ஆனால் அதை முதல் கேள்வியாகக் கேட்டது தவறு என்று ஒரு பாட்டி எனக்கு உணர்த்தினார். நான் எண்ணிக்கை கேட்டபோது அவர் பெயர்களைச் சொன்னார். நான் எண்ணிக்கையை மட்டும் எழுதுவதைப் பார்த்துவிட்டு, ‘பேரை எழுது தம்பி’ என்றார். அன்றிலிருந்து பெயரை முதலில் எழுதினேன்.

கேட்டவர் கும்பகோணத்தில் இருக்கிறார் என்பதால் இதையும் சொல்கிறேன். அதே 2004இல், ஜூலை 16 அன்று, அந்த ஊரில் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பெற்றோர்கள் ஒவ்வொரு ஜூலை 16 அன்றும் குழந்தைகளின் படங்களுக்கு மலர் தூவி, அவர்களுக்குப் பிடித்த தின்பண்டங்களைப் படைக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர் முன்னால் பிள்ளையின் பெயரைச் சொன்னால் நினைவுபடுத்தியதாக ஆகிவிடுமோ என்று நாம் அஞ்சுகிறோம். அவர்கள் மறந்தால்தானே நாம் நினைவுபடுத்த முடியும்? போவதற்கு முன் பையனின் பெயரைத் தெரிந்துகொண்டு போங்கள். ‘உங்க பையன்’ என்று சொல்வதற்கும் பெயரைச் சொல்வதற்கும் இடையில் மிகப் பெரிய தூரம் இருக்கிறது.

துபாயிலிருந்து ஒரத்தநாட்டுக்காரர் (புதன், இரவு 11.10)

எங்களைப் போல் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் போனைத் தவிர வழி இல்லை. என் அனுபவத்தில் கண்டவற்றை மட்டும் எழுதுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் முதல் ஆள் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று போட்டவுடன் அடுத்த ஐம்பது பேரும் அதையே நகலெடுத்துப் போடுவதை, என் தாயார் இறந்தபோது நான் ஒரு விமான நிலையத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐம்பதும் ஒரே வரி. யார் எழுதியது என்றுகூடப் பார்க்கத் தோன்றவில்லை. ஒருவர் மட்டும் தனியாக ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். ‘இதுக்குப் பதில் அனுப்ப வேணாம். நான் படிக்கிற காலத்துல உங்க வீட்டுக்கு வந்தப்ப, அம்மா எனக்குத் தனியா எடுத்துவச்ச கருவாட்டுக் குழம்பை நினைச்சுக்கிட்டே இருக்கேன்’ என்றார். பதில் அனுப்ப வேண்டாம் என்று அவர் சொன்னது எவ்வளவு பெரிய உதவி என்பது துக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். வீடியோ அழைப்பில் வந்து முகத்தைக் காட்டச் சொல்வது, வீட்டார் அறிவிப்பதற்கு முன்பே படத்தை ஸ்டேட்டஸில் வைப்பது, அந்த ஆண்டில் அவர்களுக்குப் பண்டிகை இல்லை என்பதை மறந்து எல்லோருக்கும் அனுப்பும் பொங்கல் வாழ்த்தை அவர்களுக்கும் அனுப்பிவிடுவது, இவற்றைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

பழைய கிராம நிர்வாக அலுவலர், வலங்கைமான் (வியாழன், காலை 7.00)

துக்கம் கேட்கப் போகிறவர்களில் பலர், ‘என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்’ என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். கேட்க வேண்டிய பாரத்தையும் துக்கத்தில் இருப்பவர் தலையிலேயே வைத்துவிடும் சொல் அது. யாரும் கேட்பதில்லை. நீங்கள் வங்கியில் இருப்பவர் என்பதால், செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்.

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அதற்குள் செய்தால் கட்டணம் இல்லை, பிந்தினால் அலைச்சல். இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். பையன் தஞ்சாவூரில் மருத்துவமனையில் இறந்திருந்தால் பதிவும் அங்கேதான் இருக்கும், கும்பகோணத்தில் தேடினால் கிடைக்காது. மருத்துவமனையில் நடந்த இறப்பை அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றாலும், பெயரிலும் தகப்பனார் பெயரிலும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருவர் உடனே பார்ப்பது நல்லது. பின்னால் திருத்துவதற்கு மாதக் கணக்கில் ஆகும். விபத்து என்பதால் முதல் தகவல் அறிக்கை நகலும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் காப்பீட்டுக்கு வேண்டியிருக்கும். என் பணிக்காலத்தில் எத்தனையோ தகப்பன்மார் இந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, எந்த அறைக்குப் போவது என்று தெரியாமல் தாலுகா அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். கூட ஓர் ஆள் வந்தவர்களின் முகமே வேறாக இருக்கும். இதை முதல் நாளில் பேச வேண்டாம். இரண்டாவது முறை போகும்போது, ‘திங்கட்கிழமை எனக்கு விடுப்பு, தஞ்சாவூருக்கு உங்களோடு வருகிறேன்’ என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள்.

மன்னார்குடி ஆசிரியர் (வியாழன், காலை 9.30)

திருவாரூர் அம்மாவுக்கு. நீங்கள் எழுதியதை நேற்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். ‘விதி’ என்ற சொல்லை நான் நாற்பது ஆண்டுகளாகத் துக்க வீடுகளில் சொல்லி வந்திருக்கிறேன். என் மனைவி இறந்தபோது அதே சொல்லை என்னிடம் சொன்னவர்களும் உண்டு. அப்போது எனக்குள் ஒரு கோபம் வந்தது. அது எதனால் என்று நான் ஆராயவில்லை. இப்போது தோன்றுகிறது: அந்தச் சொல் துக்கப்படுகிறவருடைய வாயிலிருந்து வர வேண்டியது. அவர் ‘எல்லாம் விதி’ என்று சொன்னால், நாம் ‘ஆமாம்’ என்று தலையசைக்கலாம். வந்தவர் அதை முந்திக்கொண்டு சொன்னால், பேச்சை முடித்துக்கொள்ளச் சொன்னதாக ஆகிவிடுகிறது. பழந்தமிழில் இறந்தவரைக் குறித்து வருந்திப் பாடும் துறைக்குக் கையறுநிலை என்று பெயர். வகுப்பில் அதை எத்தனை முறை நடத்தியிருப்பேன்! செய்வதற்கு ஒன்றுமில்லாமல் நிற்கும் நிலை என்றுதான் அதற்குப் பொருளே தவிர, தேற்றும் நிலை என்று பொருள் இல்லை. அந்தப் பாடல்களில் இறந்தவன் கொடுத்ததும், அவனோடு உண்டதும், அவன் நடந்த வழியும்தான் வருகின்றன.

குடை விஷயத்தில் மட்டும் நான் இன்னும் சற்றுத் தயங்குகிறேன். முதல் முறை கையில் எடுத்துச் செல்ல வேண்டாம். மழைக் காலையைச் சொல்லுங்கள். அவர்கள் கேட்டால், அடுத்த முறை எடுத்துச் செல்லுங்கள். கேட்பதும் கேட்காமல் விடுவதும் அவர்கள் விருப்பத்தில் இருக்கட்டும்.

கமலாலயத்துக்காரி, திருவாரூர் (வியாழன், காலை 10.05)

ஐயா சொல்வது சரி. எனக்கு அது தோன்றவில்லை. அப்படியே செய்யுங்கள்.

குளக்கரை நடையாளர், கும்பகோணம் (ஞாயிறு, இரவு 8.40)

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை மாலை நான்கரை மணிக்குப் போனேன். டீக்கடைக்காரரிடம் பையனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போனேன். பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முதலில் அடையாளம் தெரியவில்லை. குளக்கரைக்கு வெளியே நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை அல்லவா? பிறகு இரண்டு கைகளையும் நீட்டினார். பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகு நேரம் இருவரும் பேசவில்லை. அதன்பின், எப்படி நடந்தது என்று நான் கேட்காமல் இருந்தும் அவராகவே சொல்லத் தொடங்கினார். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டேன். அவர் முடித்த பிறகு பையனின் பெயரைச் சொல்லி, அவனை ஒரே ஒரு தடவை பார்த்ததையும், மழையில் எனக்குக் குடை கொடுத்ததையும் சொன்னேன்.

அவர் சட்டென்று நிமிர்ந்து, ‘அது எந்த நாள்?’ என்று கேட்டார். கார்த்திகையில், குளக்கரையில் தண்ணீர் தேங்கி நின்ற அந்த நாள் என்றேன். அவர் உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் என்னிடம், ‘அவகிட்ட சொல்லுங்க சார்’ என்றார். சொன்னேன். அந்தக் குடை அந்த அம்மாவின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வாங்கிவந்ததாம். அதைத் தொலைத்துவிட்டு வந்துவிட்டான் என்று மகனை இரண்டு நாள் திட்டியிருக்கிறார். பையன் யாரிடம் கொடுத்தான் என்று கடைசிவரை சொல்லவில்லை. ‘திட்டிட்டேனே’ என்று அந்த அம்மா நிலையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் செய்தது தவறோ என்று அந்த நேரத்தில் எனக்கு உடல் நடுங்கியது. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. போகவில்லை. சிறிது நேரம் கழித்து அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘மறுபடி சொல்லுங்க தம்பி, என்ன சொல்லிக் கொடுத்தான்?’ என்று கேட்டார். மறுபடி சொன்னேன். ‘நான் மழைச்சட்டை போட்டிருக்கேன் சார், நீங்க வச்சுக்குங்க.’ அவ்வளவுதான் அவன் பேசியது.

எழுந்தபோது போய்ட்டு வரேன் என்று வாய்வரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு இறங்கினேன். தெருவில் நான்கு வீடு தாண்டுவதற்குள் பெரியவர் பின்னாலேயே வந்து, ‘குடையைக் கொண்டுவந்து குடுத்துடுங்க சார், அவ கேக்குறா’ என்றார்.

இன்று காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா அதை விரித்துப் பார்த்தார். ஒரு கம்பி வளைந்திருந்தது. அது என்னிடம் இருந்தபோது வளைந்ததா, முன்பே வளைந்திருந்ததா என்று கேட்டார். முன்பே என்றேன். உண்மையும் அதுதான். அவர் அந்தக் கம்பியை நிமிர்த்தாமல் அப்படியே மடக்கி உள்ளே எடுத்துச் சென்றார்.

இறப்புப் பதிவு தஞ்சாவூரில்தான் ஆகியிருக்கிறது. தகப்பனார் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருக்கிறது. நாளை காலை ஏழு மணிப் பேருந்தில் பெரியவரோடு போகிறேன்.